கடன் வாங்கி வேதிப்பொறியியல் படிக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வேதிப்பொறியியல் படிப்புக்காகக் கடன் வாங்குவது குறித்து வந்த கடிதங்களிலிருந்து, ஒன்றோடொன்று தொடர்புடைய ஆறு கேள்விகளை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். எந்த நாட்டு நாணயத்திலும் வாசகர்கள் தாங்களே கணக்குப் போட்டுப் பார்ப்பதற்கு வசதியாக, வாங்கும் கடனை 100 என்று வைத்துக்கொண்டே எல்லாக் கணக்குகளையும் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் மகன் வேதிப்பொறியியல் படிக்க விரும்புகிறான். நான்காண்டுக் கட்டணம் முழுவதையும் கடனாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். கல்லூரி தந்த கையேட்டில் அந்தத் துறை மாணவர்களின் சராசரிச் சம்பளம் நன்றாகவே இருக்கிறது. அதை நம்பி எவ்வளவு கடன் வாங்கலாம்? – ஒரு தந்தை

பதில்: அந்தச் சராசரியை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையேட்டில் வரும் சராசரி பெரும்பாலும் வேலை கிடைத்தவர்களை மட்டும் வைத்துக் கணக்கிடப்படுவது. வேலை கிடைக்காதவர்கள் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை. மிகப் பெரிய சம்பளம் பெற்ற இரண்டு மூன்று பேரே மொத்த வகுப்பின் சராசரியையும் மேலே தூக்கிவிட முடியும். அதோடு, வேதிப்பொறியியல் படித்துவிட்டு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தவரின் சம்பளமும் அதே பட்டியலில்தான் இருக்கும். அறிவிக்கப்படும் தொகையோ ஆண்டு ஊதியத் தொகுப்பு. வரி, சேமநிதிப் பிடித்தம், கிடைக்கலாம் அல்லது கிடைக்காமலும் போகலாம் என்னும் ஊக்கத்தொகை ஆகியவற்றைக் கழித்த பிறகு மாதந்தோறும் கையில் வருவது வேறு.

இந்தத் துறையில் சராசரி ஏமாற்றுவதற்குத் தொழிலின் அமைப்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையோ உர ஆலையோ இரவு பகலாக ஓடிப் பெருமளவில் உற்பத்தி செய்கிறது. ஆனால் ஒரு ஷிப்டில் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் மிகச் சிலரே. ஆலையின் செலவில் பெரும்பகுதி மூலப்பொருளுக்கும் எரிபொருளுக்கும் இயந்திரங்களுக்கும் போகிறது, சம்பளத்தின் பங்கு சிறியது. ஆகவே அப்படிப்பட்ட நிறுவனம் பொறியாளருக்கு நல்ல சம்பளம் கொடுக்கத் தயங்குவதில்லை. ஆனால் பொறியாளர்கள் பலர் அதற்குத் தேவைப்படுவதும் இல்லை. உள்ளே நுழைந்தவர்கள் நன்றாகச் சம்பாதிக்கிறார்கள், நுழைய முடியாதவர்கள் எந்தப் பட்டதாரிக்கும் கிடைக்கக்கூடிய சாதாரணச் சம்பளத்தில் தொடங்குகிறார்கள். இந்த இரு கூட்டத்துக்கும் நடுவே வந்து நிற்கும் சராசரியை உண்மையில் வாங்குபவர் ஒருவர்கூட இல்லாமல் இருக்கலாம்.

எனவே கல்லூரியிடம் வேறு விவரங்களைக் கேளுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் இந்தத் துறையில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு ஆறு மாதத்துக்குள் வேலை கிடைத்தது, மாணவர்கள் ‘கோர்’ என்று சொல்லும் துறை சார்ந்த வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். சம்பளங்களை ஏறுவரிசையில் எழுதினால் நடுவில் நிற்கும் தொகை எது, கீழிருந்து நாலில் ஒரு பங்கில் நிற்கும் தொகை எது என்பதையும் கேளுங்கள். கடனைத் தீர்மானிக்க வேண்டியது அந்தக் கடைசித் தொகைதான். உங்கள் மகனின் திறமையைக் குறைத்து மதிப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. பட்டம் பெறும் ஆண்டில் சந்தை எப்படி இருக்கும் என்பது எந்த மாணவரின் கையிலும் இல்லை, தவணையோ எந்தச் சந்தையிலும் கட்டியே ஆக வேண்டியது.

இனி கணக்குக்கு வருவோம். ஆண்டுதோறும் 25 வீதம் நான்கு ஆண்டுகளில் 100 கடன் வாங்குகிறீர்கள். வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம். படிக்கும் காலத்தில் தனிவட்டி மட்டும் சேர்கிறது என்று கொள்வோம். முதலாண்டில் வாங்கிய 25-க்கு நான்கு ஆண்டு வட்டி, அடுத்த 25-க்கு மூன்று ஆண்டு என்று கூட்டினால், பட்டம் வாங்கும் நாளில் வட்டி மட்டும் 25 ஆகியிருக்கும். படிப்பு முடிந்து வேலை தேட ஓராண்டு அவகாசம் எடுத்துக்கொண்டால் இன்னும் 10 சேரும். ஆக, முதல் தவணை கட்டத் தொடங்கும்போது கடன் 100 அல்ல, 135. இதைப் பத்து ஆண்டுகளில் அடைப்பதென்றால் மாதத் தவணை ஏறக்குறைய 1.78, மொத்தம் கட்டுவது 214. பதினைந்து ஆண்டுகளுக்கு நீட்டினால் தவணை 1.45 ஆகக் குறையும், மொத்தம் 261 ஆக ஏறும். ஐந்தே ஆண்டுகளில் முடித்தால் மொத்தம் 172-தான், ஆனால் மாதம் 2.87 கட்ட வேண்டும்.

தொடக்க ஆண்டுகளில் தவணை, கையில் வரும் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது என் கருத்து. பத்தாண்டுக் கடனில் 1.78 தவணை கட்டுபவருக்கு மாதம் ஏறக்குறைய 8.9 கையில் வர வேண்டும். அதாவது ஆண்டுக்கு 107. சுருக்கமாகச் சொன்னால், நான் மேலே சொன்ன கீழ்ப்பங்குச் சம்பளத்தில் ஓராண்டு முழுவதும் கையில் வரும் தொகைதான் நீங்கள் வாங்கக்கூடிய கடனின் உச்ச வரம்பு. வட்டி இதைவிட அதிகமென்றால் வரம்பு இன்னும் கீழே இறங்கும். கல்லூரிக் கட்டணம் அந்த வரம்பைப் போல் இரண்டு மடங்காக இருந்தால், அது எவ்வளவு பெயர் பெற்ற கல்லூரியாக இருந்தாலும், கட்டணம் குறைந்த வேறொரு கல்லூரியில் இதே படிப்பைப் படிப்பதே மேல். பாடத்திட்டத்தின் அடிப்படை எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான்: பொருள், ஆற்றல் சமநிலைக் கணக்குகள், வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல், வெப்பப் பரிமாற்றம், பொருண்மைப் பரிமாற்றம், வினைப் பொறியியல், செயல்முறைக் கட்டுப்பாடு. கூடுதல் கட்டணத்துக்கு ஈடாக அந்தக் கல்லூரி எதைத் தருகிறது என்பதற்கு ஆய்வகம், தொழிற்சாலைப் பயிற்சி, வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்கள் என்று தெளிவான விடை இருக்க வேண்டும்.

முடிந்தால் படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் கட்டி வாருங்கள். நான் சொன்ன கணக்கில் ஐந்து ஆண்டுகளில் 35 கட்டிவிட்டால், தவணை தொடங்கும்போது கடன் 100-ஆகவே நிற்கும். பத்தாண்டில் கட்டும் தொகை, முன்பே கட்டிய இந்த 35-ஐயும் சேர்த்து 194-க்குள் முடியும், மாதத் தவணையும் 1.32 ஆகக் குறையும். மகனுக்கு முதல் வேலையில் கிடைக்கும் இந்தச் சுதந்திரம், மிச்சமாகும் 20-ஐவிடப் பெரியது.

கடன் பத்திரத்தில் நீங்களும் கையெழுத்திடுவீர்கள் என்று நினைக்கிறேன். கடைசித் தவணை வரும் ஆண்டில் உங்களுக்கு என்ன வயதாகியிருக்கும், அப்போது வருமானம் இருக்குமா என்பதைத் தனியே எழுதிப் பாருங்கள். மகனால் கட்ட முடியாத மாதங்களில் கேள்வி உங்களிடம்தான் வரும்.

கேள்வி: வேதியியலும் கணிதமும் எனக்குப் பிடித்த பாடங்கள். ஆனால் வேதிப்பொறியியலில் வேலைகள் குறைவு, கடன் வாங்குபவர்கள் கணினித் துறைக்குப் போவதே புத்திசாலித்தனம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்ன செய்வது? – பள்ளி இறுதியாண்டு மாணவி

பதில்: முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். வேதிப்பொறியியல் என்பது வேதியியலின் நீட்சி அல்ல. அதில் வேதியியலைவிட இயற்பியலும் கணிதமும் அதிகம். சோதனைக் குழாயில் நடக்கும் வினையை மணிக்குப் பல டன் என்ற அளவில், பாதுகாப்பாகவும் லாபமாகவும் நடத்துவது எப்படி என்பதே அதன் கேள்வி. பள்ளியில் சேர்மங்களின் வினைகளை நினைவில் வைப்பது பிடித்திருக்கிறது என்பதால் மட்டும் இதில் சேர்ந்தவர்கள் இரண்டாம் ஆண்டில் திணறுவார்கள். கணிதமும் பிடிக்கும் என்று நீங்கள் எழுதியிருப்பது நல்ல அறிகுறி.

வேலை குறைவு என்பது பாதி உண்மை. துறையின் பெயரைத் தாங்கிய பதவிகள் குறைவு. அந்தப் படிப்பு பயன்படும் இடங்கள் பல. 1915-ஆம் ஆண்டில் அமெரிக்க வேதிப்பொறியாளர் ஆர்தர் டி. லிட்டில் ஒரு கருத்தை முன்வைத்தார்: எந்த வேதித் தொழிலை எடுத்தாலும் அது காய்ச்சி வடித்தல், உலர்த்துதல், வடிகட்டுதல், நொறுக்குதல் போன்ற ஒரு சில அலகுச் செயல்களின் தொகுப்பே என்பதுதான் அது. ஒரு தொழிலின் நுணுக்கத்தைக் கற்பதற்குப் பதில் எல்லாத் தொழில்களுக்கும் பொதுவான செயல்களைக் கற்பது என்ற வழக்கம் அதிலிருந்து வலுப்பெற்றது. பட்டத்தின் பொருளாதார மதிப்பு இன்றும் அங்கேதான் இருக்கிறது. பெட்ரோலியம், மருந்து, உரம், காகிதம், உணவு, சிமெண்ட், குடிநீர், கழிவுநீர், பேட்டரி, செமிகண்டக்டர் என்று எங்கு சென்றாலும் அடிப்படை ஒன்றே.

இரண்டு எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1937-இல் வேதிப்பொறியியல் முனைவர் பட்டம் பெற்ற மார்கரெட் ஹட்சின்சன், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெனிசிலினைப் பெருந்தொட்டிகளில் நொதிக்க வைத்துத் தயாரிக்கும் ஆலையை வடிவமைத்தவர். பெட்ரோலிய வடிப்பு வேலைகளிலும் அவரே ஈடுபட்டிருந்தார். கணினிச் சிப்புகளைத் தயாரிக்கும் இன்டெல் நிறுவனத்தைப் பல்லாண்டு நடத்திய ஆண்ட்ரூ குரோவ் படித்ததும் வேதிப்பொறியியல்தான். சிலிக்கான் தகட்டின்மேல் மெல்லிய படலத்தைப் படிய வைப்பதும், தேவையற்ற இடங்களில் அதை அரித்தெடுப்பதும் வினையும் பரவலும் சேர்ந்த செயல்கள் என்பதால், அந்தத் தொழிலுக்கு இந்தப் படிப்பு அந்நியமானதே அல்ல.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பல வாசல்கள் திறந்திருந்தாலும், ஒவ்வொன்றிலும் நுழையக் கொஞ்சம் காலம் பிடிக்கும். முதல் ஆண்டு குறைந்த சம்பளத்தில் பயிற்சியாளராக இருக்க வேண்டிவரும். கடன் அளவோடு இருந்தால் அந்த ஓராண்டைப் பொறுத்துக்கொள்ளலாம். கடன் கனத்துவிட்டால், படித்த நான்கு ஆண்டும் பயன்படாத வேலையாக இருந்தாலும் முதலில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்ள வேண்டிவரும். ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இது: முன் பதிலில் சொன்ன வரம்புக்குள் கடன் அடங்கினால், பிடித்த இந்தப் படிப்பில் தயங்காமல் சேருங்கள், நிரல் எழுதவும் தரவைக் கையாளவும் கூடவே கற்றுக்கொள்ளுங்கள். வரம்புக்குள் அடங்காவிட்டால் கல்லூரியை மாற்றுங்கள். கடன் பெரிது என்பதற்காக மட்டும், மனம் ஒட்டாத துறைக்குப் போய் அதே பெரிய கடனை வாங்குவதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. கணினித் துறையிலும் ஆட்குறைப்பு ஆண்டுகள் வருகின்றன.

கேள்வி: நான் இரண்டாம் ஆண்டு வேதிப்பொறியியல் மாணவன். கச்சா எண்ணெய் விலை விழுந்தால் எங்கள் துறையில் வேலை நின்றுவிடும் என்கிறார்கள். நான் பட்டம் பெறும் ஆண்டில் அப்படி நடந்தால் கடனை எப்படிக் கட்டுவேன்? – கவலையுடன் ஒரு மாணவர்

பதில்: உங்கள் கவலைக்கு அடிப்படை இருக்கிறது. 2012-இல் எண்ணெய் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல் விற்றது. அந்த நம்பிக்கையோடு அந்த ஆண்டில் நான்காண்டுப் படிப்பில் சேர்ந்தவர்கள் 2016-இல் வெளியே வந்தார்கள். 2014-இன் நடுவில் தொடங்கிய சரிவில் விலை 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போயிருந்தது. சேரும்போது இருந்த சந்தையும் பட்டம் பெறும்போது இருக்கும் சந்தையும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. 2020 ஏப்ரலில் அமெரிக்க எண்ணெயின் முன்பேர விலை (பின்னால் பெறப்போகும் எண்ணெய்க்கு இப்போதே பேசும் விலை) ஒரு நாள் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கியது.

ஆனால் விலை விழும்போது எல்லா வேலையும் ஒன்றாக நிற்பதில்லை. முதலில் நிற்பவை எண்ணெய்க் கிணறு துளையிடும் பணிகளும் புதிய ஆலைத் திட்டங்களும். திட்டங்களை வடிவமைத்துக் கட்டித் தரும் நிறுவனங்கள் அதனால் ஆள் எடுப்பதை உடனே நிறுத்தும். ஓடிக்கொண்டிருக்கும் சுத்திகரிப்பு ஆலைக்கோ கச்சா எண்ணெய் மூலப்பொருள். அது மலிவாகக் கிடைக்கும் ஆண்டு அதற்கு நல்ல ஆண்டாகவே அமையக்கூடும். அதேபோல் எதிர்த்திசையிலும் நடக்கும். 2021, 2022 ஆண்டுகளில் ஐரோப்பாவில் இயற்கை எரிவாயு விலை கடுமையாக ஏறியபோது, அந்த வாயுவை மூலப்பொருளாகக் கொண்ட அமோனியா ஆலைகள் பல உற்பத்தியைக் குறைத்தன. எரிவாயு விற்பவருக்கு அது பொற்காலம், உர ஆலைக்கு அது சோதனைக் காலம். மருந்து, உணவு, குடிநீர் போன்றவற்றை எண்ணெய் விலை இந்த அளவுக்கு ஆட்டுவதில்லை.

உங்களுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. ஒரு தொழிற்பயிற்சியை எண்ணெய்த் துறையிலும் இன்னொன்றை அதற்குத் தொடர்பில்லாத துறையிலும் செய்யுங்கள். விருப்பப் பாடங்களில் செயல்முறைக் கட்டுப்பாடு, நீர் சுத்திகரிப்பு, உயிர்வேதிப் பொறியியல், ஆலைப் பாதுகாப்பு ஆகியவற்றில் இரண்டையாவது எடுங்கள். பாதுகாப்பைக் குறிப்பாகச் சொல்கிறேன்; லாபம் குறைந்த ஆண்டிலும் ஆலை ஓடும்வரை சட்டம் கேட்கும் ஆய்வுகளைச் செய்தே ஆக வேண்டும்.

கடன் பத்திரத்தை இப்போதே எடுத்து முழுவதும் படியுங்கள். வேலையில்லாத காலத்தில் தவணையை ஒத்திவைக்க முடியுமா, ஒத்திவைத்தால் சேரும் வட்டி அசலோடு கூட்டப்படுமா, வட்டி நிலையானதா மாறக்கூடியதா என்பவை அதில் இருக்கும். நாட்டுக்கு நாடு இதில் பெரிய வேறுபாடு உண்டு. ஆஸ்திரேலியாவில் 1989 முதல் நடப்பில் உள்ள முறையில், வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகே பட்டதாரி திருப்பிச் செலுத்தத் தொடங்குகிறார். அமெரிக்காவிலோ திவால் ஆனவருக்குக்கூடக் கல்விக் கடனிலிருந்து விடுபடுவது மிகக் கடினம். முதல் வகைக் கடனுக்கும் இரண்டாம் வகைக் கடனுக்கும் தொகை ஒன்றாக இருந்தாலும் அபாயம் ஒன்றல்ல.

கேள்வி: படிப்பு முடிந்துவிட்டது, இரண்டு வேலைகள் வந்திருக்கின்றன. ஒன்று நகரத்திலிருந்து வெகு தொலைவில் உள்ள ஆலையில்; ஷிப்ட் வேலை, சம்பளம் அதிகம், தங்குமிடம் உண்டு. மற்றொன்று நகரத்தில் வடிவமைப்பு அலுவலகத்தில்; சம்பளம் மூன்றில் ஒரு பங்கு குறைவு. கடன் இருக்கிறது. எதை எடுப்பது? – ஒரு புதிய பட்டதாரி

பதில்: ஆலையை எடுங்கள் என்பதே என் பரிந்துரை, ஆனால் ஒரு நிபந்தனையோடு.

பணக் கணக்கு எளிது. தங்குமிடம் கிடைப்பதும், செலவழிக்க வழியில்லாத ஊரில் இருப்பதும் சம்பள வேறுபாட்டைவிட அதிகமாக மிச்சப்படுத்தும். தொழில் கணக்கும் அதையே சொல்கிறது. ஆலையின் குழாய்களையும் கருவிகளையும் காட்டும் வரைபடத்தில் ஒரு வால்வைப் பார்ப்பதற்கும், நள்ளிரவில் அந்த வால்வு திறக்க மறுக்கும்போது பக்கத்தில் நிற்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. பம்ப் ஏன் உறுமுகிறது, வெப்பப் பரிமாற்றியில் ஏன் கசடு படிகிறது, காய்ச்சி வடிக்கும் கோபுரம் வெள்ளத்தால் நிறைந்ததுபோல் ஏன் தடுமாறுகிறது என்பவற்றை இரண்டு மூன்று ஆண்டுகள் நேரில் கண்டவரைப் பின்னர் வடிவமைப்பு அலுவலகங்கள் விரும்பி எடுத்துக்கொள்கின்றன. வடிவமைப்பிலிருந்து ஆலைக்கு வருவது அவ்வளவு எளிதாக நடப்பதில்லை.

நிபந்தனை, அந்த ஆலையின் பாதுகாப்பைப் பற்றியது. இது சம்பளக் கேள்விக்கு வெளியே உள்ள விஷயம் என்று நினைக்க வேண்டாம். கடனோடு இது நேரடியாகத் தொடர்புடையது. 1984 டிசம்பரில் போபாலில் நச்சு வாயு கசிந்தபோது, சேமிப்புத் தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரத்துக்குச் செல்லும் குழாயின் ஒரு பகுதி பழுதுபார்ப்புக்காகக் கழற்றப்பட்டிருந்ததால் அது இயங்கவில்லை. ஆலை நட்டத்தில் ஓடிய காலம் அது. செலவைக் குறைக்கும் அழுத்தம் வரும்போது, ‘இந்த நிலையில் இயக்கக் கூடாது’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் பொறியாளர் இருப்பார். அடுத்த மாதத் தவணைக்கு இந்தச் சம்பளத்தைத் தவிர வேறு வழியில்லாதவரால் அதைச் சொல்ல முடியுமா? நேர்மையான பலரால்கூட முடியாது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் நிற்கும் இடம் அப்படிப்பட்டது. வேதிப்பொறியாளரின் கடன் அளவோடு இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே முதன்மையான காரணம். வேண்டாம் என்று சொல்லி வெளியேறவும் ஆறு மாதம் தாக்குப்பிடிக்கவும் முடிகிற பொறியாளர்தான் தன்னையும் சுற்றியிருப்பவர்களையும் காக்க முடியும்.

ஆகவே சேர்வதற்கு முன் ஆலையை நேரில் பார்க்கக் கேளுங்கள். அபாயமான வேலை எதையும் தொடங்குமுன் எழுத்தில் அனுமதி பெறும் வேலை அனுமதிச் சீட்டு முறை உண்மையில் நடப்பில் இருக்கிறதா, அபாய ஆய்வுகள் கடைசியாக எப்போது நடந்தன, அவற்றின் பரிந்துரைகளில் எத்தனை நிறைவேறின என்று அங்கு வேலை செய்பவர்களிடம் விசாரியுங்கள். இந்தக் கேள்விகளுக்கு எரிச்சலோடு பதில் வந்தால், சம்பளம் குறைந்த வடிவமைப்பு வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். இத்தனை ஆண்டுகளுக்குள் விலகினால் அபராதம் என்ற ஒப்பந்தம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த அபராதத் தொகையும் உங்கள் கடனில் சேர்த்தே எண்ண வேண்டியது.

கேள்வி: இளநிலைப் பட்டத்துக்கு வாங்கிய கடன் அப்படியே இருக்கிறது. வெளிநாட்டில் முதுநிலை வேதிப்பொறியியல் படித்தால் சம்பளம் கூடும் என்று நினைக்கிறேன். இரண்டாவது கடன் வாங்கலாமா? – ஒரு வாசகி

பதில்: எந்த வேலைக்காக என்பதைப் பொறுத்தது. ஆலையை இயக்கும் பணியில் முதுநிலைப் பட்டத்தைவிட இரண்டாண்டு அனுபவத்துக்கே மதிப்பு அதிகம். ஆராய்ச்சி, புதிய மருந்து, செமிகண்டக்டர், வினையூக்கி போன்றவற்றில் உயர்பட்டம் தேவைதான். ஆனால் அங்கே பெரும்பாலும் கேட்கப்படுவது முனைவர் பட்டம். அமெரிக்கா போன்ற நாடுகளில் இந்தத் துறையின் முனைவர் பட்ட மாணவர்களுக்குக் கட்டணம் தள்ளுபடி செய்யப்பட்டு, உதவித்தொகையும் தரப்படுவது வழக்கம்; முதுநிலை மாணவர்கள் பெரும்பாலும் தங்கள் பணத்தில் படிக்கிறார்கள். ஆராய்ச்சியில் உண்மையான நாட்டம் இருந்தால் நேராக முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிப்பது, கடன் இல்லாத வழி. நாட்டம் இல்லாமல் உதவித்தொகைக்காக மட்டும் அதில் இறங்கினால், ஐந்தாறு ஆண்டுகள் மிக நீண்டவை.

பழைய கடனை ஒத்திவைப்பதற்கும் விலை உண்டு. முதல் பதிலில் 135 ஆக நின்ற கடன், இன்னும் இரண்டு ஆண்டுகள் தனிவட்டியோடு காத்திருந்தால் 155 ஆகிவிடும். புதிய கடன் அதற்கு மேல். இரண்டையும் கூட்டி, மொத்தத் தொகையை அதே ஓராண்டுச் சம்பள வரம்போடு ஒப்பிடுங்கள். ஒப்பிடும்போது, படிக்கும் நாட்டில் வேலை கிடைக்காமல் ஊர் திரும்பினால் கிடைக்கும் சம்பளத்தையே கணக்கில் எடுங்கள். வேலை செய்யும் உரிமை விசா விதிகளைப் பொறுத்தது, விதிகள் நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே மாறலாம். ஒரு நாணயத்தில் வாங்கிய கடனை வேறொரு நாணயச் சம்பளத்தில் அடைக்க நேர்ந்தால், மாற்று விகிதம் ஏறும் ஒவ்வொரு முறையும் கடனும் ஏறும். இரண்டு ஆண்டுகள் வேலை செய்து பழைய கடனைக் கணிசமாகக் குறைத்த பிறகு போவது, விண்ணப்பத்துக்கும் வலுச் சேர்க்கும். ஊழியர்களின் மேற்படிப்புச் செலவை ஏற்கும் நிறுவனங்களும் உண்டு, அதையும் விசாரியுங்கள்.

கேள்வி: வேலையில் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. மிச்சமாகும் பணத்தில் கடனை முன்கூட்டியே அடைப்பதா, சேமிப்பதா? – ஒரு பொறியாளர்

பதில்: முதலில் ஆறு மாதத் தவணைக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் போதுமான தொகையை, நினைத்தபோது எடுக்கக்கூடிய கணக்கில் சேருங்கள். எங்கும் ஆட்குறைப்பு வரலாம் என்பதாலும், நான்காம் பதிலில் சொன்னபடி வேண்டாம் என்று சொல்லி வெளியேறும் உரிமை உங்களுக்கு வேண்டும் என்பதாலும் இதை முதலில் வைக்கிறேன். அதன் பிறகு கடனை அடையுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட கடன் இருந்தால் வட்டி அதிகமானது முதலில்.

தொடக்கத்தில் அடைப்பதற்குப் பலன் அதிகம். 135-க்கான முதல் மாதத் தவணையான 1.78-இல் 1.12 வட்டிக்கே போகிறது, அசலில் குறைவது 0.66 மட்டும். நீங்கள் கூடுதலாகக் கட்டும் தொகையோ முழுவதும் அசலில் கழியும். தொடக்கத்திலிருந்தே தவணையை ஐந்தில் ஒரு பங்கு கூட்டி 2.14 ஆகக் கட்டி வந்தால், 120 மாதக் கடன் 90 மாதங்களில் தீர்ந்துவிடும். மொத்தம் கட்டுவது 214-லிருந்து 192 ஆகக் குறையும். ஓராண்டு கழித்துத் தொடங்கினாலும் பலன் பெரும்பாலும் கிடைக்கும். முன்கூட்டிச் செலுத்துவதற்குக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். கூடுதல் தொகையைக் கொண்டு மாதத் தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கும்படி எழுத்தில் கொடுங்கள், அடுத்த மாதக் கணக்கு அறிக்கையில் அசல் குறைந்திருக்கிறதா என்றும் சரிபாருங்கள்.